நன்றியும் நட்பும்

வீடு தேடி வருகின்றவர்களில் பல வகையினர் உண்டு. உறவு கொண்டாட வருவோர், கொடுக்கல் வாங்கலின் பொருட்டு வருவோர், மண அழைப்பு வைக்க வருவோர், பசியோடு வருவோர் என அவர்களை வகைப்படுத்தலாம். இவர்களை எப்படி வரவேற்பது, எங்கே அமர்த்துவது, என்ன கொடுத்து உபசரிப்பது, எவ்வாறு வழியனுப்புவது என்பன பற்றி நம் குடும்பங்களில் எழுதப்படாத சட்டங்கள் பல உள. அந்தச் சட்டங்கள் எவற்றுள்ளும் அடங்காத விருந்தாளி ஒருவர் இருக்கிறார். அவர் நம் ஊருக்கு உழைக்க வருகிறார். கூலி கேட்பதில்லை. மனைவி மக்களோடு வந்து, நம் தெருவில் ஒரு சிறு வீட்டைப் பிடித்துக் குடியேறி, மருத்துவமனையிலோ பள்ளிக்கூடத்திலோ கிணறு வெட்டும் இடத்திலோ சில மாதங்களோ சில ஆண்டுகளோ ஊழியம் புரிந்துவிட்டுப் போகிறார். அவர் நமக்கு யார்? நாம் அவருக்கு யார்?

இந்த வினாவை எழுப்பினால் பெரும்பாலோர் தயக்கமின்றி ஒரு விடை கூறிவிடுவர்: "அவர் நமக்கு உபகாரி, நாம் அவருக்கு நன்றியுடையவர்களாக இருக்க வேண்டும்." விடை சரியானதே. நன்றி மறவாமை நம் தமிழ் மரபும் நம் மார்க்கமும் ஒருங்கே வற்புறுத்தும் பண்பு. மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவனே என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அறிவோம். ஆயினும் நன்றி ஒன்றே போதுமா? நன்றி பாராட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? வந்த குடும்பத்தோடு நாம் நட்புக் கொள்ள இயலுமா? இயலுமெனின், அந்த நட்புக்கு அடையாளம் யாது? இவற்றையே ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம்.

திண்டுக்கல் கண்ட விருந்தாளிகள்

இந்தச் சிந்தனைக்குத் திண்டுக்கல்லை விடப் பொருத்தமான ஊர் எளிதில் கிடைக்காது. வந்தவர்களின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட பகுதி அங்கே உண்டு. 1755ஆம் ஆண்டில் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல் சீமையின் பௌஜ்தாராக ஹைதர் அலி வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் அடக்கத்தலமும் அதனையொட்டிய பெரிய பள்ளிவாசலும் இருக்கும் பகுதியே பேகம்பூர். அதிகாரத்தோடு வந்தவர்களின் வரலாறு அது.

உழைக்க வந்தவர்களின் வரலாறு வேறு. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலையின் அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் அருகே 1947ஆம் ஆண்டு காந்தி கிராமம் தோன்றியது. அதனை நிறுவியவர்கள் கணவனும் மனைவியுமாகிய இருவர். டாக்டர் சௌந்தரம் அம்மையார் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். செல்வத்தில் பிறந்து மருத்துவம் பயின்றவர். ஜி. ராமச்சந்திரன் கேரளத்தைச் சேர்ந்தவர், காந்தியடிகளின் தொண்டர். நெசவுக்குப் பெயர் பெற்ற சின்னாளபட்டியின் தறிக் குடும்பங்களுக்கும் சுற்றுப்புற உழவர் குடும்பங்களுக்கும் இவர்கள் முதலில் அயலாரே. அவர்கள் தொடங்கிய கஸ்தூரிபா மருத்துவமனையும் கல்விக்கூடங்களும் வளர்ந்தன. 1956இல் கிராமியக் கல்வி நிலையமாக உருப்பெற்ற பிரிவு 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1959ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங்கும் அவருடைய துணைவியார் கொரெட்டாவும் காந்தி கிராமத்துக்கும் வந்து சென்றனர்.

மேற்கே ஒட்டன்சத்திரத்தில் 1955ஆம் ஆண்டு கிறிஸ்துவ ஐக்கிய மருத்துவமனை தொடங்கப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்களான ஏ.கே. தரியனும் ஜேக்கப் செரியனும் வளமான வாழ்வைத் தேடிச் சென்றிருக்கலாம். காய்கறி விளையும் அந்த வறண்ட சமவெளியைத் தேர்ந்துகொண்டார்கள். சில நாள் இருந்து போக வந்தவர்களாக அவர்கள் இருக்கவில்லை, ஊரோடு ஊராயினர்.

இவர்களுக்கெல்லாம் முன்னே வந்தவர் ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தான் என்னும் அமெரிக்கர். 1925ஆம் ஆண்டு மதுரைப் பகுதியில் ஊழியம் செய்ய வந்த கிறிஸ்தவப் பாதிரியார் அவர். அவருடைய துணைவியார் மருத்துவர். 1930ஆம் ஆண்டு கெய்த்தானுக்கு நேர்ந்தது நம் தலைப்புக்கு மிக நெருங்கியது. அவ்வாண்டு மார்ச்சு மாதம், உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன், வைசிராய் இர்வினுக்குக் காந்தியடிகள் எழுதிய கடிதத்தைக் கொண்டுசேர்த்தவர் ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில இளைஞர். அந்த இளைஞரைக் கெய்த்தான் தம் வீட்டில் விருந்தினராக ஏற்றார். ஆங்கில அரசின் கண்ணில் அது குற்றமாயிற்று. கெய்த்தான் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் திரும்பி வந்தவர், போராட்டக் காலத்தில் இரண்டாம் முறையும் வெளியேற்றப்பட்டார். நாடு விடுதலை பெற்றபின் மூன்றாம் முறையாக வந்து, காந்தி கிராமத்தோடும் சர்வோதய இயக்கத்தோடும் இணைந்து நின்றார்.

இங்கே சற்று நிதானித்து நோக்க வேண்டும். கெய்த்தான் இந்த நாட்டுக்கு விருந்தாளி. அவர் வீட்டுக்கு மற்றொருவர் விருந்தாளியாக வந்தார். வந்தவரை வாசலில் நிறுத்தியிருந்தால் தம் இடம் பத்திரமாக இருந்திருக்கும். உள்ளே அழைத்ததால் இடத்தை இழந்தார். அவர் செய்த மருத்துவ உதவிக்கும் கல்வி உதவிக்கும் மக்கள் நன்றி கூறியிருக்கலாம். ஆனால், நமக்காக ஒருவர் இழக்கத் துணிந்தார் என்று தெரியும்போது, நன்றியைக் கடந்த வேறோர் உணர்வு பிறக்கிறது. அவர் நம்மவர் என்ற எண்ணம் அது.

கடன் என்னும் சுமை

நன்றிக்கும் நட்புக்கும் உள்ள வேறுபாடு யாது? நன்றி, பெற்றுக்கொண்டவன் உள்ளத்தில் பிறப்பது. அதற்கு மேல் கீழ் உண்டு. கொடுத்தவர் கை உயர்ந்து நிற்க, வாங்கியவர் கை தாழ்ந்து நிற்கிறது. கொடுத்தவர் எவ்வளவு பணிவுடையவராயினும் இந்த மேடு பள்ளம் மறைவதில்லை. நட்போ சமதரையில்தான் நடக்கும். ஆகவே ஒருவர் கொடுத்துக்கொண்டேயிருக்க மற்றவர் வாங்கிக்கொண்டேயிருக்கும் வரை, அவ்விருவரிடையே நன்றி வளரலாம், நட்பு வளராது. சில சமயம் நன்றியும் வளராது; உள்ளுக்குள் ஒரு கசப்பே வளரும். உதவி பெற்றவன் உதவியவரையே தூற்றுவதை நாம் உலகில் காண்கிறோம். அதனை நன்றி கெட்டதனம் என்று மட்டும் கூறிவிட்டுப் போய்விடுகிறோம். திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத கடன் மனிதனை எவ்வளவு நசுக்குகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே ஓர் அழகிய சான்று உண்டு. மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்களையும் மதீனாவின் அன்சாரிகளையும் அண்ணலார் இருவர் இருவராகச் சகோதரர்களாக்கினார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி). தம் செல்வத்தில் சரிபாதியை எடுத்துக்கொள்ளுமாறு ஸஅத் வேண்டினார்கள். அப்துர் ரஹ்மான் அவர்களோ, அவருடைய குடும்பத்துக்கும் செல்வத்துக்கும் இறைவன் அருள்புரிய வேண்டுமென வாழ்த்திவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்று வாழ்வைத் தொடங்கினார்கள்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது ஸஅத் அவர்களின் ஈகையையே நாம் பெரிதும் போற்றுகிறோம். அப்துர் ரஹ்மான் அவர்களின் மறுப்பிலும் ஓர் ஈகை இருக்கிறது. தம் சகோதரரின் உள்ளத்தை அவர் ஏற்றார், உடைமையை ஏற்கவில்லை. அவரிடமிருந்து வழி கேட்டதன் மூலம், ஊருக்கு உரியவர் என்ற பெருமையை அவருக்கு அளித்தார். கொடுக்கத் தெரிவதைப் போலவே, எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று தெரிவதும் சகோதரத்துவத்தின் ஒரு பகுதியே.

நம் தெருவுக்கு வந்த ஊழியக் குடும்பத்தின் நிலையையும் இந்த ஒளியில் பார்க்கலாம். அவர்கள் நமக்குக் கொடுக்கும் பொருள் பல: மருந்து, படிப்பு, உழைப்பு. அவர்களுக்கு நாம் கொடுக்க என்ன இருக்கிறது என்று வினவினால், பலர் கையை விரிப்பர். உண்மையில் அவர்களுக்கு இல்லாதவை எத்தனை! காய்கறிக்காரர் எந்த நேரத்தில் வருவார் என்பது அவர்களுக்குத் தெரியாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது தெரியாது. சிறுமலைப் பழம் எது, பிற ஊர்ப் பழம் எது என்று பிரித்தறியத் தெரியாது. துக்க வீட்டில் என்ன பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று தெரியாது. இவற்றையெல்லாம் அறிந்தவர் நம் வீட்டு நன்னியே. மருத்துவம் படித்த ஓர் அம்மையார் நன்னியிடம் வந்து, மீன் ஆணத்துக்கு எவ்வளவு புளி கரைப்பது என்று கேட்டு நிற்கும் நேரத்தில், மேடு பள்ளம் மறைந்துபோகிறது. காலையில் வைத்தியம் சொன்னவர் மாலையில் பாடம் கேட்கிறார். "அம்மா" என்று மரியாதையாக அழைத்துக்கொண்டிருந்தவர், வீட்டுக் குழந்தைகளைப் போல "நன்னி" என்று அழைக்கத் தொடங்குகிறார். நட்புக்கு அதுவே முதற்படி.

விருந்தோம்பலுக்கு மூன்று நாள் வரையறை கூறிய அண்ணலார், அதற்கு மேற்பட்டது தருமம் என்றார்கள். வீட்டாரைச் சங்கடத்துக்குள்ளாக்கும் அளவு விருந்தாளி தங்கக் கூடாதென்றும் எச்சரித்தார்கள். அப்படியாயின், நான்காம் நாள் வருபவர் என்னவாக வேண்டும்? ஒன்று, தருமம் பெறுபவராக வேண்டும். அல்லது வீட்டு வேலையில் கைகொடுப்பவராக வேண்டும். ஊழியக் குடும்பம் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. அவர்களை நாம் எந்நாளும் முதல் நாள் விருந்தாளியாகவே நாற்காலியில் அமர்த்தி வைத்தால், அவர்கள் தேடி வந்ததையே அவர்களுக்கு மறுத்தவர்கள் ஆவோம்.

சிரிப்பு என்னும் உரைகல்

நட்பு மலர்ந்துவிட்டதா என்று அறிவதற்கு ஓர் எளிய உரைகல் உண்டு. அது சிரிப்பு. உபகாரியின் முன்னால் நாம் புன்னகை செய்வோம். வயிறு குலுங்கச் சிரிக்க மாட்டோம். அவர் தவறு செய்தால் காணாதது போல் இருந்துவிடுவோம். நண்பர் தவறு செய்தாலோ கேலி செய்வோம். அவரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பார்.

தமிழ் கற்க முயலும் அயல்நாட்டார்க்கெல்லாம் ழகரம் ஒரு மலைக்கோட்டை. பழம் கேட்கக் கடைக்குப் போய் "பலம் வேண்டும்" என்று கேட்டு நிற்பார்கள். "அது என்னிடமே இல்லையே, அம்மா! இருந்தால் நான் ஏன் இந்த மூட்டையை இறக்க ஆள் தேடுகிறேன்?" என்று கடைக்காரர் விடையிறுக்கும்போது, கடையில் நின்ற அனைவரும் சிரிக்கிறார்கள். அந்த அம்மையார் பொருள் புரிந்ததும் எல்லாரினும் உரக்கச் சிரிக்கிறார். அன்றுமுதல் அவர் அந்தக் கடையின் வாடிக்கைக்காரர் மட்டுமல்லர். தெருவின் பேச்சில் இடம் பெற்றவர்.

குழந்தைகளுக்கு இந்த உரைகல்லும் தேவையில்லை. பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து என்ன பேசுவதென்று திகைத்துக்கொண்டிருக்கும்போதே, வந்த வீட்டுப் பிள்ளையும் நம் வீட்டுப் பிள்ளையும் ஒரு பம்பரத்துக்குச் சண்டையிட்டு, சமாதானமாகி, மீண்டும் சண்டையிட்டிருப்பார்கள். தாயக்கட்டையை உருட்டுவதற்கு இலக்கணம் வேண்டியதில்லை. மலைக்கோட்டைப் படிகளில் யார் முதலில் ஏறுவதென்று ஓடும்போது எந்த நாட்டவர் என்ற வினா எழுவதில்லை. ரமளான் மாதத்தில் தோழன் நோன்பிருப்பதைக் கண்டு தானும் நோன்பிருக்கப் போவதாக அறிவிக்கும் விருந்தாளிச் சிறுவன், காலை பத்து மணிக்கே "இன்று சூரியன் மெதுவாகப் போகிறதா?" என்று கேட்கிறான். மாலையில் பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியில் முதற் கிண்ணம் அவனுக்கே தரப்படுகிறது. கணக்குப் பாராத உள்ளம் நட்புக்கு எவ்வளவு அணித்தாக இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நமக்குக் கற்பிக்கின்றனர்.

விளையாட்டும் வேடிக்கையும் மார்க்கத்துக்குப் புறம்பானவை என எண்ணி முகத்தைச் சுருக்கிக்கொள்வோர் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்கள் அண்ணலாரின் வாழ்வை மீண்டும் ஒருமுறை நோக்க வேண்டும். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடுவார். அந்தச் சிறுவரைக் காணும்போதெல்லாம் அண்ணலார் பறவையின் பெயரும் அவர் பெயரும் ஓசையால் ஒத்து ஒலிக்குமாறு விளித்து, அது என்னவாயிற்று என்று விசாரிப்பார்கள். அகழ்ப் போரின்போது தோழர்களோடு தாமும் மண் சுமந்தார்கள். புழுதி படிந்த மேனியோடு, அவர்கள் பாடிய பாட்டில் தாமும் சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்து உழைக்கும் இடத்தில் பாட்டும் சிரிப்பும் தாமே பிறக்கும். பிறக்காவிடில் அங்கே ஒருவர் ஏவுகிறார், மற்றவர் பணிகிறார் என்று பொருள்.

சிரிப்புக்கும் வரம்பு உண்டு. தாம் வேடிக்கையாகப் பேசினாலும் உண்மையையே பேசுவதாக அண்ணலார் கூறினார்கள். பிறரை இழிவுபடுத்திப் பரிகசிப்பதைத் திருமறை தடுக்கிறது. ஆகவே ஒருவரோடு சிரிப்பது வேறு. ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. வெள்ளைத்தோலைக் கண்டதும் தெருவெல்லாம் திரண்டு பின்தொடர்வதும், உடையைச் சுட்டிக் காட்டுவதும், அவர்களுக்குப் புரியாதென்று எண்ணி அவர்கள் முன்னாலேயே ஏளனம் பேசுவதும் வேடிக்கை ஆகா. வள்ளுவரும் நட்பு சிரித்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று, வழி தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்கு உரியது என்று கூறுகிறார். சிரிக்கும் உரிமை பெற்றவர்க்கே கடிந்துரைக்கும் உரிமையும் உண்டு. சிரிக்காமல் கடிபவர் அதிகாரி. கடியாமல் சிரிப்பவர் முகத்துதிக்காரர்.

நம்மிடத்துள்ள குறைகள்

இந்த நட்புக்கு இடையூறாக நம் பக்கத்தில் நிற்பவை யாவை? முதலாவது, ஆடம்பரம். வந்தவர் நம்மைக் குறைவாக எண்ணிவிடக்கூடாதே என்ற அச்சத்தில், கடன் வாங்கியேனும் பிரியாணி விருந்து வைக்கிறோம். அவர் எளிய உணவைத் தேடி வந்தவர். நாம் நம் வசதியைக் காட்டுகிறோம். அடுப்படியில் விடியற்காலை முதல் வெந்துகொண்டிருக்கும் பெண்களை எவரும் எண்ணுவதில்லை. விருந்தாளியோடு அமர்ந்து பேசுபவர் அத்தா; களைப்பு முழுவதும் அம்மாவுக்கு. விருந்தாளி அம்மையார் கைகொடுக்க அடுப்படிக்குள் வந்தால், "ஐயோ, நீங்கள் உட்காருங்கள்" என்று வெளியே அனுப்பிவிடுகிறோம். அங்கே நட்பாகக்கூடியதை நாமே தடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது, பயன் கருதல். நட்பு ஒரு மாதத்தை எட்டுமுன்பே, மகனுக்கு வெளிநாட்டில் ஒரு வேலை, மருமகனுக்கு ஒரு சிபாரிசு என்று வேண்டுகோள்கள் கிளம்பிவிடுகின்றன. தேவையுள்ளவன் கேட்பது பாவமன்று. ஆனால் கேட்பதற்காகவே பழகியவன், பழகிய நாளெல்லாம் ஒரு முதலீடு செய்திருக்கிறான். வந்தவர் அதை உணர்ந்துவிடுகிறார். அதன்பின் அவர் நம் ஒவ்வொரு புன்னகைக்குப் பின்னாலும் ஒரு விண்ணப்பத்தைத் தேடுவார். ஒரு வீடு செய்த தவறுக்குத் தெரு முழுவதும் நம்பிக்கையை இழக்கிறது.

மூன்றாவது, மார்க்கத்தைப் பற்றிய ஐயம். "இவர்கள் ஏன் வருகிறார்கள்? நம் பிள்ளைகளை மதம் மாற்ற அல்லவா?" என்ற கேள்வி நம் பெரியவர்கள் பலர் உள்ளத்தில் இருக்கிறது. இந்த அச்சத்தை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. உதவியைத் தூண்டிலாகப் பயன்படுத்தியவர்கள் வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். அவ்வாறு செய்பவர் நட்பையும் கெடுக்கிறார், தம் சமயத்தையும் தாழ்த்துகிறார். அதே சமயம், எல்லாரையும் அந்தக் கண்ணோடு பார்ப்பது நீதியாகாது. மார்க்கத்தின் பொருட்டு நம்மோடு போரிடாதவர்களுக்கும், நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்களுக்கும் நன்மை செய்வதையும் நீதி வழங்குவதையும் இறைவன் தடுக்கவில்லை என்பது திருமறையின் தெளிவான போதனை. மக்காவில் கொடுமை தாங்காத முஸ்லிம்களுக்கு முதலில் அடைக்கலம் தந்தவர் அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் என்பதையும் நாம் மறக்கலாகாது. மனிதர்களைப் பல சமூகங்களாகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று இறைவன் கூறுகிறான். அறிந்துகொள்வதற்குப் பழக வேண்டும். தன் மார்க்கத்தைச் சரியாக அறிந்த பிள்ளை, அயல்வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஈமானை இழந்துவிட மாட்டான். பன்றி இறைச்சி உண்ண மாட்டோம், இந்த நேரம் தொழுகைக்கு உரியது என்று சிரித்த முகத்தோடு எடுத்துச் சொல்லத் தெரிந்தால், உண்மையான நண்பர் அதை மதிப்பார். மதிக்காதவரை நாம் இழந்தாலும் நட்டமில்லை.

அவர்களிடத்துள்ள குறைகள்

குறை ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதில்லை. சேவை செய்ய வந்தவர்கள் தாமறியாமலே ஒரு பெருமையில் வீழ்வதுண்டு. ஊரின் வறுமை அவர்களுக்குப் பெரிதாகத் தெரியும். ஊரின் அறிவு தெரியாது. அனுமதி கேளாமல் படம் பிடித்துக்கொண்டு, அந்தப் படங்களைத் தம் நாட்டில் காட்டி, "இவர்களைப் பாருங்கள்" என்பார்கள். பெயரால் அறியாமல் "நோயாளி", "ஏழை" என்ற தொகுதியாலேயே அறிவார்கள். இத்தகையவர் எவ்வளவு உழைத்தாலும் அவர் நமக்கு நண்பராகார். நாமும் அவருக்குச் செய்தியாகவே இருப்போம்.

முதல் உலகப் போரில் பாழான வெர்டன் பகுதியில், பகைநாட்டவரும் சேர்ந்து ஊரைக் கட்டும் பணி முகாமை 1920ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் தொடங்கினார். 1934இல் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்ததும், அவர் சில தோழர்களோடு இந்தியாவுக்கு வந்து, கிராமங்களைத் திரும்பக் கட்டும் வேலையில் மண்வெட்டி பிடித்தார். படித்த பொறியாளர் ஒருவர் குடியானவனோடு வரிசையில் நின்று மண் சுமப்பதில் என்ன பயன் என்று கேட்கலாம். மண் அளவில் பயன் சிறிது. ஆயினும் ஒரே வெயிலில் வியர்த்தவர்கள் ஒருவரையொருவர் தொகுதியாகப் பார்ப்பது கடினம். இதனையே அவர் நாடினார்.

இந்த நீதி நமக்கும் உரியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு உடனடியாக உணவும் இடமும் அளித்தனர். 2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தின்போது பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்துவிடப்பட்டன. அந்நாட்களில் கொடுக்கும் கை நம் கையாக இருந்தது. அப்போது நாம் வந்தவரின் பெயரைக் கேட்டோமா? அவர் பிள்ளை என்ன படிக்கிறது என்று விசாரித்தோமா? பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தோமா? பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் கண்ணியத்தை நாம் கொடுத்த நாளிலேயே நம்மிடம் தேட வேண்டும்.

பிரிவுக்குப் பின்

ஊழியக் குடும்பத்தின் நட்புக்கு ஒரு துயரம் உண்டு, அவர்கள் போய்விடுவார்கள். சிலர் கெய்த்தானைப் போலத் திரும்பத் திரும்ப வருவர். சிலர் ஒட்டன்சத்திரத்து மருத்துவர்களைப் போல ஊராரே ஆகிவிடுவர். பெரும்பாலோர் ஒரு மாலையில், திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்றையோ சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றையோ நினைவுக்குப் பெற்றுக்கொண்டு ரயிலேறுவர். சில காலம் கடிதம் வரும். பிறகு நிற்கும். "இதற்காகவா இத்தனை பழகினோம்?" என்று மனம் சலிப்பதுண்டு.

நீண்ட நாள் நிலைப்பதே நட்பின் அளவு என்று எண்ணினால் சலிப்பு நியாயமே. அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. அமெரிக்க அமைதிப்படை 1961 முதல் 1976 வரை இந்தியாவுக்குத் தொண்டர்களை அனுப்பியது. அவர்களுள் ஒருவராக 1966இல் வந்த லில்லியன் கார்ட்டர் அம்மையார்க்கு அப்போது வயது 68. பம்பாயை அடுத்த விக்ரோலியில் செவிலியாகப் பணிபுரிந்து 1968இல் திரும்பினார். 1977ஆம் ஆண்டு அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க அதிபரானார். அவ்வாண்டு பிப்ரவரியில் நம் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது மறைந்தபோது, இறுதி மரியாதை செலுத்த வந்த அமெரிக்கக் குழுவில் அந்த அம்மையாரும் இருந்தார். அரசுக் கடமை முடிந்ததும், தாம் பணிபுரிந்த விக்ரோலிக்குச் சென்று பழைய மக்களைக் கண்டார். இடையில் 9 ஆண்டுகள் சென்றிருந்தன. உபகாரியாக மட்டுமே இருந்திருந்தால் அவர் விட்டுச்சென்ற வேலையின் அறிக்கையே போதுமாக இருந்திருக்கும். முகங்களைக் காண வேண்டுமென்று தோன்றியதே, அது நட்பின் வேலை.

எல்லாரும் திரும்பி வரமாட்டார்கள். வர வேண்டுமென்று நாம் கேட்கவும் இயலாது. அவர்கள் தந்த மருந்து தீர்ந்திருக்கும். கட்டிய சுவரில் வேறொருவர் சுண்ணாம்பு அடித்திருப்பார். ஆனால் அயல்நாட்டார் ஒருவரை முதன்முதலாக ஒரு பெயராலும் ஒரு சிரிப்பாலும் அறிந்த பிள்ளை நம் வீட்டில் வளர்கிறது. நாளை அப்பிள்ளை பிழைப்பின் பொருட்டோ தொண்டின் பொருட்டோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ, வடநாட்டில் மொழி தெரியாத ஓர் ஊருக்கோ செல்லும். அங்கே அதுவே விருந்தாளி. எந்தக் கடையில் தவறாகப் பேசினாலும் தானும் சேர்ந்து சிரிக்கவும், யாரிடமும் ஒரு பாடம் கேட்கவும், கொடுக்கும்போது கையைத் தாழ்த்தவும் அது முன்பே கற்றிருக்கும்.

ஆகவே, உழைக்க வந்த குடும்பம் ஒன்று நம் தெருவில் குடியேறினால், அவர்களுக்கு நன்றி கூறுவோம். அத்தோடு நின்றுவிடாமல் அவர்களுக்கு ஏதேனும் கற்றுக்கொடுப்போம். நாற்காலியைக் காட்டுவதைப் போலவே அடுப்படியையும் காட்டுவோம். விருந்து வைப்பதற்கு முன் வீட்டுப் பெண்களின் களைப்பைக் கேட்டறிவோம். கேட்க விரும்பும் உதவியைச் சிறிது காலம் நாவிலேயே நிறுத்தி வைப்போம். நம் பிள்ளைகளை அவர்தம் பிள்ளைகளோடு விளையாட விடுவோம். பழம் கேட்டு வருபவர்க்குப் பழத்தைக் கொடுப்போம். கூடவே ழகரத்தையும் சொல்லிக் கொடுப்போம்.